வெறுங்காலும் மைசூர்ச் சட்டையும்

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் பெங்களூருக்கு வந்தால் அவர்களை எங்கெங்கு அழைத்துச் செல்வது என்பதற்கு நம் குடும்பங்களில் ஒரு முறை வகுத்தாற்போல் ஆகிவிட்டது. காலையில் லால்பாக், நண்பகலில் விதான சௌதா, மாலையில் கப்பன் பூங்கா, திரும்பும் வழியில் கடைத்தெரு. இவற்றில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் தமிழர் இந்நகரோடு எங்ஙனம் கலந்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்விடங்கள் போதா. அவர்கள் அல்சூர் ஏரிக்கரையிலும், கௌதமபுரத்துச் சிறு தெருக்களிலும், ஆஸ்டின் டவுன் மைதானத்தின் ஓரத்திலும் சற்றே நடந்து பார்க்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களின் ஊராகப் பெங்களூர் உலகெங்கும் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கால்பந்தாட்டத்தின் ஊராக அது இந்தியா முழுவதும் அறியப்பட்டிருந்தது. அப்புகழை ஈட்டியவர்களுள் நம்மவர் பலர் என்பதை நம் பிள்ளைகள் அறியார். அவ்வரலாற்றையே இம்மாத இதழில் கூற முற்படுகின்றோம்.

முதலில் இடத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் நலம். 1799-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் தம் படையை அங்கே நிறுத்தினர். அவ்வூரின் காய்ச்சல் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1809-இல் பெங்களூரின் கிழக்கே உயர்ந்த சமவெளியைத் தேர்ந்து, தண்டு எனப்படும் கண்டோன்மெண்டை அமைத்தனர். படையோடு சென்னை மாகாணத்துத் தமிழரும் வந்தனர். சிப்பாய்கள், சமையற்காரர், வண்டிக்காரர், கொத்தனார், தையற்காரர், குத்தகைதாரர், கணக்கர் எனப் பல தொழிலினரும் அல்சூர் ஏரியைச் சுற்றிக் குடியேறினர். சென்னைச் சாப்பர் படையின் தலைமையிடமும் இவ்வேரிக்கு அருகிலேயே அமைந்தது. ஹலசூரு என்பது கன்னடத்தார் இவ்வூரை வழங்கும் பெயர். 'ஹலசு' என்பது நம் பலாவே. பால் அவர்கள் நாவில் 'ஹாலு' ஆவதுபோல் பலாவும் ஹலசு ஆயிற்று. ஆக, நம்மவர் வந்து தங்கியது ஒரு பலாவூரில்!

இங்ஙனம் பெங்களூர் இரண்டு நகரங்களாயிற்று. மேற்கே கெம்பேகௌடர் நிறுவிய பேட்டை; கிழக்கே தண்டு. இடையே, பின்னாளில், கப்பன் பூங்கா. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் மகாராஜாவிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதியை ஆங்கிலேயர் தம் ஆட்சியிலேயே வைத்துக்கொண்டனர். ஆகவே அல்சூரில் வாழ்ந்த தமிழர் மைசூர் நாட்டின் நடுவே இருந்தும், ஆட்சி முறையில் மைசூருக்கு வெளியே இருந்தனர். இச்செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இது பயன்படும்.

கால்பந்து இங்கே படையோடு வந்த ஆட்டம். வெள்ளைப் பட்டாளத்தார் மாலை வேளைகளில் பரந்த மைதானங்களில் பூட்ஸ் அணிந்து ஆடினர். வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்தனர். பார்த்ததைத் தம் தெருவில் ஆடினர். மட்டைப்பந்துக்கு மட்டை வேண்டும், காலுறை வேண்டும், கையுறை வேண்டும், அரை நாள் ஓய்வும் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து போதும். அதுவும் ஒரு தெருவுக்கு ஒன்று போதும். ஏழைக் குடியிருப்புகளில் அது வேரூன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டுவதில்லை.

பள்ளிகளும் துணை செய்தன. அல்சூர் ஏரிக்கு அணித்தே ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் அறநிறுவனத்தைச் சேர்ந்த மைதானம் இருக்கிறது. அவர் தமிழர், வணிகராகவும் ஒப்பந்தக்காரராகவும் பொருளீட்டியவர், கப்பன் பூங்காவில் இன்று உயர் நீதிமன்றம் நடைபெறும் செந்நிற மாளிகையாகிய அட்டாரா கச்சேரியைக் கட்டியவர், 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கியவர். அவர் பெயரால் வழங்கும் மைதானத்தில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து உருண்டிருக்கிறது. செல்வர் ஒருவர் ஊருக்கு விட்டுச் சென்ற திறந்த வெளி, கட்டடங்களைக் காட்டிலும் நெடுநாள் பயன் தருவதை அங்கே காணலாம்.

இந்நகரின் ஆட்டத்தை வெளியுலகம் முதன்முதலாக அறிந்தது 1937-இல். பம்பாயில் 1891 முதல் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியைப் படைப்பிரிவுகளே ஆண்டுதோறும் வென்று வந்தன. அவ்வாண்டில் 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' என்னும் குழு அக்கோப்பையைக் கைப்பற்றியது. படையைச் சாராத இந்தியக் குழு ஒன்று அதனை வென்றது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டும் அவர்களே வென்றனர். தண்டுப் பகுதியில் மசூதித் தெருவும் கோயில் தெருவும் மாதா கோயில் தெருவும் அடுத்தடுத்து இருப்பவை. ஒரு தெருவின் வெற்றியை மறு தெரு தன் வெற்றியாகவே கொண்டது.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. பெங்களூர் பெரும் படைத்தளமாயிற்று. 1940-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக உழைத்தனர். 1941-இல் தொடங்கிய மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பைப் போட்டி, தொடங்கிய வேகத்திலேயே இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிற்று.

1945-இல் போர் முடிந்ததும் உலகெங்கும் மைதானங்கள் மீண்டும் உயிர் பெற்றன. இங்கிலாந்தில் கோப்பைப் போட்டி 1945-46 பருவத்திலும், லீக் ஆட்டங்கள் அதற்கடுத்த பருவத்திலும் மீண்டும் தொடங்கின. கையாலும் காலாலும் வேறு விதமான 'புட்பால்' ஆடும் அமெரிக்காவிலோ, படையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுச் செலவில் கல்லூரிகளில் சேர்ந்தனர். போரின்போது ஆளின்றிக் குழுவைக் கலைத்திருந்த சிறு கல்லூரிகள் பல, அவ்விளைஞர்களைக் கொண்டு தம் ஆட்டக் குழுக்களை மீண்டும் அமைத்தன. போர்முனையில் நின்றவன் புல்வெளிக்குத் திரும்பினான் என்பதே அப்பருவத்தின் பொருள். எங்கும் மக்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்க வரவில்லை. அச்சமின்றி ஒன்றுகூடும் இன்பத்தையும் தேடி வந்தனர்.

பெங்களூருக்கும் அத்தகைய ஒரு பருவம் வாய்த்தது. 1946-47-ஆம் ஆண்டின் சந்தோஷ் கோப்பைப் போட்டி இந்நகரில் நடைபெற்றது. அதுகாறும் அக்கோப்பை வங்காளத்துக்கும் டில்லிக்குமே சென்றிருந்தது. இறுதியாட்டத்தில் மைசூரும் வங்காளமும் மோதின. கல்கத்தாவோ கால்பந்தின் தலைநகரம். அதன் பெருங்குழுக்களிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள் எதிரே நின்றனர். முதல் ஆட்டம் கோல் எதுவுமின்றிச் சமமாக முடிந்தது. மீண்டும் ஆடினர். மைசூர் இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றது. தென்னாட்டுக்கு அக்கோப்பை வந்தது அதுவே முதன்முறை.

இப்பொழுது நாம் முன்னர்க் கூறிய செய்தியை நினைவுகூர வேண்டும். தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திருப்பி அளிக்கப்பட்டது 1947 ஜூலை 26-ஆம் நாளில்தான். நாடு விடுதலை பெறுவதற்கு இருபது நாள் முன்பு. பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்ததோ 1949-இல். ஆனால் ஆடுகளத்தில் அவ்விணைப்பு முன்னரே நிகழ்ந்துவிட்டது. சட்டப்படி மகாராஜாவின் குடிகள் அல்லாத தண்டுப் பகுதி இளைஞர்கள், மைசூரின் சட்டையை அணிந்து மைசூருக்காக ஆடி வந்தனர். அவர்கள் வீட்டில் தமிழ் பேசினரா, உருது பேசினரா, கன்னடம் பேசினரா என்று மைதானத்தில் எவரும் வினவியதில்லை. அரசாங்கக் கோப்புகள் நகரும் வேகத்தைவிடப் பந்து வேகமாகவே உருண்டது!

அக்காலத்து ஆட்டத்தின் முறையையும் இளைய அன்பர்கள் அறிதல் வேண்டும். நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடினர். கணுக்காலிலும் பாதத்தின் நடுவிலும் துணிப்பட்டையை இறுகச் சுற்றிக்கொள்வர். விரல்கள் வெளியே நிற்கும். பூட்ஸ் வாங்க வசதியின்மை ஒரு காரணமே. பந்தின் போக்கை விரல்நுனியால் உணர்ந்து, எதிரி நெருங்கும் நொடியில் அதனைத் திசை திருப்பும் நுட்பம் வெறுங்காலுக்கே உரியது என அவர்கள் நம்பினர். உலர்ந்த தரையில் அது உண்மையும்கூட. மழை பெய்து தரை சேறானால் நிலைமை மாறிவிடும். தோற்பந்து நீரை உறிஞ்சிக் கனக்கும், கால் வழுக்கும், பூட்ஸ் அணிந்தவன் உறுதியாக நிற்பான். வெறுங்காலின் சிறப்பும் குறையும் வானிலையைப் பொறுத்தே இருந்தன.

அவ்வெறுங்கால்கள் 1948-இல் லண்டன் சென்றன. விடுதலை பெற்ற இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. நாகர் இனத்தைச் சேர்ந்த டாக்டர் தாலிமெரென் ஆவ் தலைமையேற்ற குழுவில் மைசூரைச் சேர்ந்த வரதராஜ், வஜ்ரவேலு, ராமன், அகமது கான் ஆகியோர் இடம் பெற்றனர். இப்பெயர்களை அன்பர்கள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும்; நம் தெருக்களில் கேட்கும் பெயர்கள் அல்லவா இவை! ஜூலை 31-ஆம் நாள் லண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சை எதிர்த்து ஆடினர். முதற்பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. இரண்டாம் பாதியில், எழுபதாவது நிமிடத்தில், சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுவே. தமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளையும் நம்மவர் தவறவிட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோல் அடித்து இரண்டுக்கு ஒன்று என வென்றது. தோல்விதான், எனினும் பூட்ஸ் அணியாத பலர் ஆடிய ஒரு குழு ஐரோப்பியரை அவ்வளவு நேரம் திணறச் செய்தது கண்டு லண்டன் மக்கள் கைதட்டினர்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் கதை வேறாயிற்று. குளிர்நாட்டின் தரையில் யூகோஸ்லாவியா பத்துக் கோல்கள் அடித்தது. இந்தியா ஒன்றே அடித்தது. அந்த ஒன்றை அடித்தவர் பெங்களூரின் அகமது கான். இரண்டு ஒலிம்பிக்குகளிலும் இந்தியா அடித்த கோல்கள் இரண்டே. இரண்டும் இந்நகரத்தார் காலிலிருந்து பிறந்தவை. அத்தோல்விக்குப் பின்னர் பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. வெறுங்காலின் காலம் அத்தோடு முடிந்தது. அதற்காக வருந்துவோர் உண்டு. நாம் வருந்தவில்லை. பிழைப்புக்காகப் புது ஊர் புகுந்த குடும்பங்களுக்கு, பழையதில் எதனைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்னும் வினா புதிதன்று.

பெங்களூரின் திறமை பெங்களூரிலேயே தங்கவில்லை. நல்ல ஆட்டக்காரனைக் கல்கத்தா அழைத்துக்கொண்டது. அகமது கான் ஈஸ்ட் பெங்கால் குழுவில் சேர்ந்தார். அப்பாராவ், தனராஜ், வெங்கடேஷ், சாலே ஆகியோரோடு அவரையும் சேர்த்து அக்குழுவின் முன்வரிசை ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் போற்றினர். 1949 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அக்குழு ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. ஐவருமே தென்னாட்டவர். பிழைப்புக்காக வந்தவரின் மக்கள், ஆட்டத்துக்காக மேலும் ஒரு முறை புலம் பெயர்ந்தனர். அங்கும் அன்னியராக இல்லை. பெங்களூரில் பிறந்த அருமைநாயகம் மோகன் பகான் குழுவில் ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவிலும் இடம் பெற்றார். கன்னட நாட்டுக் கெம்பையாவோ 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக்குகளுக்கும் சென்றார்; அவற்றுள் முன்னதில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

ஊரில் எஞ்சியோரை ஆதரித்தவை ஆலைகள். விமானத் தொழிற்சாலைக்குப்பின் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், அதன்பின் வேறு பல பொதுத்துறை நிறுவனங்களும் எழுந்தன. அவை தமக்கெனக் கால்பந்துக் குழுக்களை அமைத்து, ஆட்டக்காரர்க்கு வேலை அளித்தன. காலையில் ஆலை, மாலையில் ஆட்டம், மாத இறுதியில் சம்பளம், வயதான பின் ஓய்வூதியம். தகரக் கூரையின் கீழ் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு இது எத்துணைப் பெரிய ஏற்றம் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. அந்நாளில் பந்து வெறும் பொழுதுபோக்கன்று. அது ஒரு வீட்டின் அடுப்பை எரியச் செய்தது. 1952-53-இல் மைசூர் மீண்டும் பெங்களூரிலேயே வங்காளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. 1967-68-இலும் 1968-69-இலும் தொடர்ந்து வென்றது. நான்கு முறையும் இறுதியில் தோற்றது வங்காளமே.

அண்மையில் ஒரு ஞாயிறன்று மாலை நாம் கௌதமபுரத்துக்குச் சென்றிருந்தோம். அல்சூரை ஒட்டிய சிறு குடியிருப்பு அது. தெருக்கள் குறுகியவை, வீடுகள் தோளோடு தோள் உரச நிற்பவை, எங்கு நோக்கினும் தமிழே கேட்கும். அங்கே புத்தர், டாக்டர் அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு நான்காவதாக ஒரு சிலையும் நிற்கிறது. அது பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் பெலேயின் சிலை! வறுமையில் பிறந்த கறுப்பு மனிதர் ஒருவர் காலால் உலகை வென்றார் என்பதை அக்குடியிருப்பினர் தம் கதையாகவே கொண்டனர். தலைவர்க்கும் துறவியர்க்கும் இணையாக ஓர் ஆட்டக்காரரை நிறுத்திய தெரு இந்தியாவில் அரிது.

பக்கத்து மைதானத்தில் சிறுவர் ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவன், "டேய், இங்க போடுடா!" என்று தமிழில் கூவினான். பந்தை வைத்திருந்தவன், "தடி, தடி" என்று கன்னடத்தில் பொறுக்கச் சொன்னான். மூன்றாமவன் உருதுவில் ஏதோ கூறிக்கொண்டே ஓடினான். பந்து மூவரிடமும் முறையாகச் சென்றது. ஓரத்தில் நின்ற முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, உங்கள் பேரன் ஆடுகிறானோ?" என்றோம். அவர், "எல்லாரும் பேரனுங்கதான். அந்தக் காலத்துல இந்த ஏரியாவுல சனிக்கிழமை வேலைக்குப் போறவன் ஞாயித்துக்கிழமை மாட்ச் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் போவான்" என்றார். இப்போது மைதானம் சுருங்கிவிட்டது என்றும், பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுகின்றனர் என்றும் குறைபட்டுக்கொண்டார். அது பொய்யன்று. திறந்த வெளி அருகி வருவது இந்நகர் முழுவதற்கும் உற்ற நோய்.

இவ்வரலாற்றை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 1991-இல் காவிரிப் பிணக்கின்போது இந்நகரில் நம்மவர் பட்ட துன்பத்தை மூத்த அன்பர்கள் மறந்திரார். அவ்வாண்டில் அல்சூர் ஏரிக்கருகே அமைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அந்நெடிய இடைக்காலத்தில் நம் பிள்ளைகளுள் சிலர், "இது நம் ஊர்தானா?" என்று வீட்டில் கேட்டதுண்டு. பெற்றோர்க்கு விடை சொல்லத் தெரியவில்லை. குடும்ப அட்டையையும் வீட்டுப் பத்திரத்தையும் காட்டினால் பிள்ளையின் மனம் அமைதி பெறுமா? 1946-இன் பருவத்தைச் சொல்லியிருந்தால் பெற்றிருக்கும். வந்தவர்கள் ஊருக்காக வியர்வை சிந்தினர். ஊர் தன் சட்டையை அவர்களுக்கு அளித்தது. உரிமை பிறந்தது இருபுறத்திலிருந்தும்.

அம்முறை இன்றும் அற்றுப்போகவில்லை. 1973-இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியது. புதுப்பெயரில் சந்தோஷ் கோப்பை நெடுநாள் கைகூடவில்லை. 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் கர்நாடகம் மேகாலயத்தை மூன்றுக்கு இரண்டு என வென்று, 54 ஆண்டுகளுக்குப்பின் அக்கோப்பையைப் பெற்றது. கர்நாடகத்துக்காகக் கோல் அடித்தோர் சுனில் குமார், பேக்கி ஓராம், ராபின் யாதவ். ராமனும் அகமது கானும் அணிந்த சட்டையை இன்று ஓராமும் யாதவும் அணிகின்றனர். நேற்று நாம் வந்து ஏறிய படியில் இன்று வேறு சிலர் வந்து ஏறுகின்றனர். அவர்களை நாம் எம்முகத்தோடு வரவேற்கிறோம் என்பதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உறவினர் வரும்போது லால்பாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள், தடையில்லை. மறுநாள் மாலை அல்சூர் ஏரிக்கரையில் தொடங்கி, வள்ளுவரை வணங்கி, முதலியாரின் மைதானத்தைப் பார்த்து, கௌதமபுரம் வரை நடந்து செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் கூட்டிச் செல்லுங்கள். அங்கு ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் சற்று நின்று பாருங்கள். ஆட ஆள் குறைவதாகச் சிறுவர் சொன்னால், உங்கள் பிள்ளையைக் களத்தில் இறக்கிவிட்டுத் திண்ணையோரம் அமர்ந்து தேநீர் அருந்துங்கள். இருட்டுவதற்குள் அவன் மூன்று மொழிகளில் பந்து கேட்கக் கற்றுக்கொண்டிருப்பான்.